ஆபரேஷன் முடிந்து வந்தவரின் வலியைக் கவனிப்பது எப்படி: வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு

"ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க." வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் இந்த வாக்கியத்தை நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சீனியர்கள் சொன்னார்கள், நானும் சொன்னேன். அப்புறம் ஒரு நோயாளி, ஐம்பது வயதுக்காரர், வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன், இரண்டு நாளும் "வலிக்குதா?" என்று கேட்டால் "இருக்குது சிஸ்டர், பரவாயில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு மரக்கட்டைபோல அசையாமல் படுத்திருந்தார். தொந்தரவு கொடுக்காத நல்ல நோயாளி என்று நினைத்தோம். மூன்றாம் நாள் காய்ச்சல், மூச்சு வாங்கல், எக்ஸ்ரேயில் நுரையீரலின் அடிப்பகுதியில் சளி கட்டியிருந்தது. இருமினால் தையல் பிய்ந்துவிடும்போல வலித்ததால் இரண்டு நாளாக அவர் இருமவே இல்லை, மூச்சையும் மேலோட்டமாகத்தான் விட்டிருக்கிறார். அவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். நான் அந்த வாக்கியத்தைச் சொல்வதை அன்றோடு விட்டேன்.

வலியைக் குறைப்பது நோயாளிக்கு நாம் காட்டும் தயவு என்று யாரும் நினைக்க வேண்டாம், அது சிகிச்சையின் ஒரு பாகம். வலி இருந்தால் ஆழமாக மூச்சு விடமாட்டார், இருமமாட்டார், நிமோனியா வரும். எழுந்து நடக்கமாட்டார், காலில் ரத்தக்கட்டு வரும். நாடித்துடிப்பும் பிபியும் ஏறும், இதய நோய் உள்ளவருக்கு அது ஆபத்து. சர்க்கரை ஏறும், தூக்கம் கெடும், வயதானவர்களுக்கு இரவில் புத்தி தடுமாறும். சரியாக அடக்காத வலி சிலருக்கு மாதக்கணக்கில் தங்கியும் விடுகிறது. அதற்காக வலி "பூஜ்யம்" ஆகிவிட வேண்டும் என்பது நம் இலக்கு இல்லை. அவர் இருமணும், புரண்டு படுக்கணும், பாத்ரூம்வரை நடக்கணும், இரவில் நாலு மணி நேரமாவது தூங்கணும். அதற்கு வலி எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவு குறைக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்பே தொடங்க வேண்டியது

முந்தின நாள் மாலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மயக்கம் தெளிந்து, நாக்கு வறண்டு, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் கிடக்கும்போது "ஒன்றிலிருந்து பத்துவரை சொல்லுங்க" என்றால் யாருக்கும் புரியாது, அதனால் வலியை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை முந்தின நாளே பழக்கிவிடுங்கள். இருமும்போது தையலை எப்படிப் பிடித்துக்கொள்வது, கட்டிலிலிருந்து எப்படி எழுவது என்பதையும் அப்போதே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

கூடவே சில கேள்விகள். அல்சர் உண்டா, ஆஸ்துமா உண்டா, கிட்னி பிரச்சினை, இதய நோய், வலிப்பு உண்டா, எந்த ஊசிக்காவது முன்பு தடிப்பு வந்ததா. மூட்டு வலிக்கென்று தினமும் ஏதாவது மாத்திரை போடுகிறாரா, மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிப் போடுவதையும் சேர்த்துக் கேளுங்கள், நாட்டு மருந்து, லேகியம் எதையும் விடாதீர்கள். குடிப்பழக்கத்தைச் சொந்தக்காரர்கள் எதிரில் கேட்காதீர்கள், யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். மெதுவாக, தனியாக, "தப்பா நெனைக்காதீங்கண்ணா, மருந்து அளவு முடிவு பண்றதுக்காகத்தான் கேக்குறேன்" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

தியேட்டரிலிருந்து வந்த முதல் சில மணி நேரம்

நோயாளியை ஒப்படைக்கும்போது கேஸ் ஷீட்டை வாங்கிவைத்துக்கொண்டு "சரி சரி" என்று அனுப்பிவிடாதீர்கள். என்ன மயக்கம் கொடுத்தார்கள், ஸ்பைனலா (முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைப்பது), முழு மயக்கமா, நரம்பு பிளாக் (கை, காலுக்குப் போகும் நரம்பை மட்டும் மரக்கவைக்கும் ஊசி) போட்டார்களா, கடைசி வலி மருந்து எது, எத்தனை மணிக்கு, அடுத்தது எத்தனை மணிக்கு: இதை வாய்விட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தியேட்டரில் ஏற்கனவே பாராசிட்டமால் பாட்டில் ஓடியிருக்கும், அது தெரியாமல் வார்டில் இன்னொன்று ஏற்றுவது அடிக்கடி நடக்கிற தவறு.

ஸ்பைனல் போட்டவர்கள் வந்தவுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் மரத்துப்போனது இறங்கும்போது வலி ஒரேயடியாக வந்து தாக்கும். அதுவரை காத்திருந்து, அவர் கத்த ஆரம்பித்த பிறகு ஊசி எடுக்கப் போனால் அந்த வலியைப் பிடிப்பது கஷ்டம். கால் கட்டை விரலை அசைக்கத் தொடங்கியதுமே, எழுதியிருக்கும் முதல் டோஸைப் போட்டுவிடுங்கள். கை, கால் ஆபரேஷனில் நரம்பு பிளாக் போட்டவர்களுக்கு அது அரை நாள் அதற்கு மேலும் நிற்கலாம். பெரும்பாலும் நடுராத்திரியில்தான் இறங்கும், அதனால் நைட் டூட்டிக்காரருக்கு இதைக் கட்டாயம் சொல்லிவிட்டுப் போங்கள்.

மரத்திருக்கும் காலுக்கு வெந்நீர்ப் பை வைப்பதைப் பார்த்தால் உடனே எடுங்கள். பாசத்தில் வைக்கிறார்கள். சூடு உறைக்காது, தோல் வெந்துபோகும்.

கேட்பது எப்படி

மார்கோ மெக்காஃப்ரி என்ற அமெரிக்க நர்ஸ் 1968-இல் எழுதியதைத்தான் இன்றும் உலகம் முழுக்க நர்சிங் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: அனுபவிக்கிறவர் எதை வலி என்று சொல்கிறாரோ அதுதான் வலி, அவர் எப்போது இருக்கிறது என்கிறாரோ அப்போது அது இருக்கிறது. நம் வார்டுகளில் இதை அப்படியே எதிர்ப்பக்கமாகச் செய்கிறோம். "ஃபோன் பாத்துட்டு இருக்காரு, அவருக்கா வலி?" என்கிறோம். ஃபோன் பார்ப்பது வலியை மறக்கத்தான். அதேபோல "நேற்று இதே ஆபரேஷன் பண்ணின அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசல" என்று ஒப்பிடுவதும் வேண்டாம்.

பூஜ்யம் முதல் பத்துவரை மதிப்பெண் கேட்பது வழக்கம். படித்தவர்களுக்குச் சரி. கிராமத்திலிருந்து வரும் பெரியவர்களிடம் இந்தக் கணக்கு எடுபடாது, நான் ரூபாய்க் கணக்கில் கேட்பேன். "தாங்கவே முடியாத வலி முழு ரூபாய்னா, இப்ப நாலணாவா, எட்டணாவா, முக்கால் ரூபாயா பாட்டி?" உடனே பதில் வரும். "எட்டணாவுக்கு மேலயே இருக்கு தாயி." நாலணா என்றால் இரண்டு மூன்று, எட்டணா என்றால் ஐந்து, முக்கால் ரூபாய் என்றால் ஏழு எட்டு என்று ஷீட்டில் குறித்துக்கொள்கிறேன். அதே நோயாளியிடம் எல்லா ஷிஃப்டிலும் ஒரே கணக்கில் கேட்க வேண்டும், அதுதான் முக்கியம்.

எப்போதும் இரண்டு எண் வேண்டும், சும்மா படுத்திருக்கும்போது ஒன்று, அசையும்போது ஒன்று. படுத்திருப்பவரிடம் கேட்டால் "இரண்டு" என்பார், "ஒரு தடவை இருமிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். நான் மேலே சொன்ன நோயாளியிடம் நாங்கள் கேட்காமல் விட்டது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

"வலிக்குதா?" என்பது நல்ல கேள்வி இல்லை. நம் பெண்கள், அதிலும் வயதானவர்கள், "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிப் பழகியவர்கள். பிரசவ வலியையே பல்லைக் கடித்துத் தாங்கியவர்கள் ஊசி கேட்பதைக் கூச்சமாக நினைக்கிறார்கள். "ராத்திரி எத்தனை தடவை முழிச்சீங்க?", "ஒருக்களிச்சுப் படுக்க முடியுதா?", "எந்தப் பக்கம் திரும்பினா இழுக்குது?" என்று கேளுங்கள், உண்மை தானாக வரும். கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும் விரல்களையும் பாருங்கள்.

மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆறு முகங்கள் வரைந்த வாங்-பேக்கர் அட்டை இருக்கிறது. பேசத் தெரியாத குழந்தைக்கு முகம், கால், அசைவு, அழுகை, சமாதானமாவது என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை போட்டு மொத்தம் 10-க்குக் கணக்கிடும் ஃப்ளாக் அளவுகோல் இருக்கிறது. இரண்டு மாதம் முதல் ஏழு வயதுவரை அது பொருந்தும். அட்டையைவிட அம்மாவின் பேச்சை நம்புங்கள். "இது இவன் வழக்கமா அழுற அழுகை இல்ல சிஸ்டர்" என்று ஒரு தாய் சொன்னால் போய்ப் பாருங்கள்.

எப்படி வலிக்கிறது என்ற சொல்லைக் கவனியுங்கள்

எண்ணைவிட எனக்கு அதிகம் உதவியது நோயாளி பயன்படுத்தும் சொல். தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன! ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தைக் காட்டும். கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் "பெயின்" என்று மட்டும் எழுதிவிட்டால் அத்தனையும் தொலைந்துபோகும்.

"சுருக்சுருக்குன்னு குத்துது" என்றால் பெரும்பாலும் தையல் போட்ட தோலும் தசையும், அசையும்போது வரும், அடங்கும். "விண்விண்ணுன்னு தெறிக்குது" என்று மூன்றாம் நாளுக்கு மேல் ஒருவர் சொன்னால் டிரெஸ்ஸிங்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும், உள்ளே சீழ் கட்டலாம், சிவந்து சூடாக இருக்கலாம். "எரியுது", "கரண்ட் அடிச்ச மாதிரி ஓடுது", "எறும்பு ஊருது" என்பவை நரம்பு சம்பந்தப்பட்டவை. வழக்கமான வலி மருந்துக்கு இவை சரியாக அடங்காது, டாக்டரிடம் அந்தச் சொல்லையே சொல்லுங்கள். எலும்பு ஆபரேஷன் செய்தவர்கள் "குடையுது", "உளையுது" என்பார்கள், இரவில் கூடும். "பிசையுது", "முறுக்கிட்டு வந்து விடுது" என்றால் குடல் அசையத் தொடங்கியிருக்கிறது, அல்லது வாயு. கூடவே வயிறு உப்பிக்கொண்டு வாந்தியும் வந்தால் விஷயம் வேறு. "அடிவயிறு கடுக்குது, ஒரே பாரமா இருக்கு" என்று ஸ்பைனல் போட்டவர் சொன்னால் முதலில் மூத்திரம் போனாரா என்று பாருங்கள். மூத்திரப்பை நிரம்பிக் கிடக்கும்போது வலி ஊசி மேல் ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன், டியூப் போட்டு எடுத்த ஐந்தாவது நிமிடம் அவர் தூங்கிவிட்டார்.

லேப்ராஸ்கோபியில், அதாவது சிறு துளை போட்டு, பித்தப்பை எடுத்தவர் மறுநாள் "வயிறு பரவாயில்ல, தோள்பட்டைதான் உயிர் போகுது" என்பார், வீட்டுக்காரர்கள் மாரடைப்போ என்று பதறுவார்கள். வயிற்றுக்குள் நிரப்பிய கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது, நரம்பு வழி ஒன்றாக இருப்பதால் தோளில் தெரிகிறது. இரண்டு மூன்று நாளில் போய்விடும், எழுந்து நடந்தால் சீக்கிரம் போகும். ஆனால் வியர்வை, நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்கல் கூட இருந்தால் வாயு என்று முடிவுகட்டாமல் இசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.

மருந்து கொடுக்கும் முறை

மருந்தை எழுதுவது டாக்டர் வேலை. எப்போது, எப்படி, யாருக்கு என்பதைக் கவனிப்பது நம் வேலை, பெரும்பாலும் விஷயம் கெடுவது இங்கேதான். முதல் இரண்டு நாள் வலி மருந்தை நேரப்படி கொடுக்க வேண்டும். "எஸ்ஓஎஸ்", அதாவது தேவைப்பட்டால் மட்டும், என்று எழுதியிருந்தால், நோயாளி கேட்டு, நாம் கை வேலையை முடித்து, மருந்து எடுத்து வருவதற்குள் வலி ஏழுக்குப் போயிருக்கும். பெரிய ஆபரேஷன் முடிந்தவருக்கு எல்லாமே எஸ்ஓஎஸ் என்று இருந்தால், "சார், முதல் 48 மணி நேரத்துக்கு டைம் போட்டுக் குடுத்துடலாமா?" என்று கேளுங்கள். கேட்டதற்காக யாரும் திட்டியதில்லை.

பாராசிட்டமால்தான் அடித்தளம். சாதாரண மருந்து என்று அலட்சியப்படுத்துகிறார்கள், நேரம் தவறாமல் ஆறு மணிக்கு ஒருமுறை போனால் மற்ற பலமான மருந்துகளின் தேவையே குறையும். 100 எம்எல் பாட்டிலில் 1 கிராம், 15 நிமிடத்தில் ஓட வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் கூடாது, கல்லீரல் கெட்டவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் இன்னும் குறைவு. 50 கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம்தான் கணக்கு. நம் வார்டில் 42 கிலோ பாட்டிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு 630 மில்லிகிராம், அதாவது பாட்டிலில் 63 எம்எல் மட்டும். முழு பாட்டிலையும் தொங்கவிட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடாதீர்கள். இன்னொன்று, அசிக்ளோஃபெனாக்கோடு, டிராமடாலோடு பாராசிட்டமால் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நம் ஊரில் ரொம்பப் புழக்கம். ஐவி (ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவது) ஒரு பக்கம், கூட்டு மாத்திரை ஒரு பக்கம், காய்ச்சலுக்கென்று இன்னொரு மாத்திரை, எல்லாவற்றிலும் பாராசிட்டமால். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக் கூட்டிப் பாருங்கள்.

டைக்ளோஃபெனாக் ஊசி போடும் முன் கிட்னி, அல்சர், ஆஸ்துமா, இதய நோய் நான்கையும் மனதில் ஓட்டுங்கள். மூத்திரம் குறைவாகப் போகிறவருக்கு, ரத்தம் நிறைய இழந்து பிபி இறங்கியிருப்பவருக்கு, போடும் முன் டாக்டரைக் கேளுங்கள். ஒரு நாளைக்கு 150 மில்லிகிராம் எல்லை, ஊசியாக இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். பிட்டத்தில் மேல், வெளிப்பக்கக் கால்பாகத்தில் ஆழமாகப் போட வேண்டும். உள்பக்கம் தள்ளிப் போட்டால் சயாட்டிக் நரம்பில் படும், கொழுப்பில் நின்றுவிட்டால் கட்டி வந்து சீழ் பிடிக்கும். ஒரே பக்கத்தில் மறுபடி மறுபடி போடாதீர்கள்.

டிராமடாலை வேகமாகத் தள்ளினால் வாந்தி நிச்சயம், தலை சுற்றும். 100 எம்எல் நார்மல் சலைனில் கலந்து மெதுவாக விடுங்கள். ஒரு நாளில் 400 மில்லிகிராம் தாண்டக் கூடாது, 75 வயதுக்கு மேல் 300. வலிப்பு உள்ளவர்களுக்கும், மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்களுக்கும் போடும் முன் சொல்லிக் கேட்க வேண்டும்.

எந்த மருந்தானாலும் போட்டுவிட்டு வந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஐவி என்றால் 15 முதல் 30 நிமிடத்தில், மாத்திரை என்றால் ஒரு மணி நேரத்தில், திரும்பப் போய் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். எட்டு இருந்தது ஏழு ஆகியிருந்தால் அந்த மருந்து போதவில்லை என்று அர்த்தம், அடுத்த டோஸ் வரைக்கும் ஆறு மணி நேரம் காத்திருக்கச் சொல்லக் கூடாது. முப்பது கட்டிலுக்கு இரண்டு பேர் இருக்கும் வார்டில் எப்படித் திரும்பப் போவது என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியும் அந்த நிலைமை. நான் உள்ளங்கையளவு ஒரு துண்டுச் சீட்டு பாக்கெட்டில் வைத்திருப்பேன், கட்டில் எண், போட்ட நேரம், பார்க்க வேண்டிய நேரம், அவ்வளவுதான். பிபி பார்க்கும் சுற்றிலேயே இதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

டிரெஸ்ஸிங் மாற்ற, பிசியோதெரபிக்கு, முதல்முறை நடக்கவைக்க, டிரெயின் (ஆபரேஷன் செய்த இடத்திலிருந்து நீரை வடிக்கும் குழாய்) எடுக்க என்று எதற்கு முன்பும் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு முன் வலி மருந்து போயிருக்க வேண்டும். ரவுண்ட்ஸில் "இன்னைக்கு டிரெயின் எடுத்துடலாம்" என்று சொன்னதுமே கடிகாரத்தைப் பாருங்கள்.

மார்ஃபின், ஃபென்டனில் போகிறவர்கள்

இவை பலமான வலி மருந்துகள், மூச்சைக் குறைக்கக்கூடியவை. பயந்து கொடுக்காமல் இருப்பதும் தப்பு, கொடுத்துவிட்டுப் பார்க்காமல் இருப்பதும் தப்பு. ஆபரேஷன் வலிக்காகச் சில நாள் கவனமாகக் கொடுப்பதால் எல்லோரும் அதற்கு அடிமையாகிவிட மாட்டார்கள், இந்தப் பயம் நோயாளிக்கும் இருக்கும், எடுத்துச் சொல்லுங்கள்.

மூச்சு குறைவதற்கு முன்பே தூக்கக் கலக்கம் கூடும், இதுதான் உங்கள் எச்சரிக்கை மணி. கூப்பிட்டதும் கண் திறந்து சரியாகப் பேசினால் பரவாயில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் கண் சொருகினால் அடுத்த டோஸ் கொடுக்காதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். தட்டியும் எழவில்லை என்றால் மருந்தை நிறுத்தி, மூச்சுப் பாதையைத் திறந்து, ஆக்சிஜன் வைத்து, நலாக்ஸோனோடு (மார்ஃபினை முறிக்கும் மருந்து) ஆளைக் கூப்பிட வேண்டும். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது இங்கே உதவாது. நிமிடத்துக்கு 10-க்குக் கீழே இறங்கினாலே உஷாராகுங்கள். ஆக்சிஜன் வைத்திருப்பவருக்கு சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 98 காட்டுவதை நம்பி ஏமாற வேண்டாம், மூச்சு ரொம்பக் குறைந்த பிறகும் அது நன்றாகவே காட்டும். நலாக்ஸோன் வேலை செய்து எழுந்துவிட்டார் என்று விட்டுவிடவும் கூடாது. அது 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும், மார்ஃபின் அதன் பிறகும் உள்ளே இருக்கும், மறுபடி கண் சொருகும். குறட்டை விடுபவர்கள், பருமனானவர்கள், வயதானவர்கள், கூடவே தூக்க மாத்திரை போனவர்கள் இவர்களிடம் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

மலச்சிக்கலைக் கேட்காமல் விடாதீர்கள். இரண்டாம் நாளே டாக்டரிடம் மலமிளக்கி எழுதச் சொல்லுங்கள். முக்கி முக்கித் தையல் வலிக்கும் கஷ்டத்தைத் தவிர்த்துவிடலாம்.

நோயாளியே பட்டனை அழுத்தி மருந்து எடுத்துக்கொள்ளும் பம்ப் இருந்தால், அவரைத் தவிர யாரும் அழுத்தக் கூடாது என்று கூட இருப்பவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தூங்குகிற அப்பாவுக்கு வலிக்கக் கூடாதென்று மகள் அழுத்துவாள். தூக்கத்தில் அவர் அழுத்தாமல் இருப்பதுதான் அந்த மெஷினின் பாதுகாப்பே. டிரிப் ரோலரைத் தாங்களாகவே திருகிவிடும் பழக்கத்தையும் முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

முதுகில் எபிடியூரல் குழாய் (மரக்கும் மருந்து தொடர்ந்து போகும் மெல்லிய குழாய்) உள்ளவருக்குப் பிபி, கால் அசைவு, மரத்திருக்கும் எல்லை, ஊசி போட்ட இடம் எல்லாம் குறித்த நேரத்துக்குப் பார்க்க வேண்டும். நேற்று அசைந்த கால் இன்று அசையவில்லை, புதிதாக முதுகு வலி என்றால் தாமதிக்காமல் மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிடுங்கள், உள்ளே ரத்தம் கட்டி தண்டுவடத்தை அழுத்தலாம். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் இனாக்ஸாபெரின் தடுப்பு டோஸுக்கும் குழாய் எடுப்பதற்கும் 12 மணி நேர இடைவெளி வேண்டும், எடுத்த பிறகு 4 மணி நேரமாவது கழித்துத்தான் அடுத்த டோஸ். வாயைச் சுற்றி மதமதப்பு, காதில் இரைச்சல், வாயில் இரும்புச் சுவை என்று சொன்னால் பம்பை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள், மரக்கும் மருந்து ரத்தத்தில் ஏறுகிறது.

மார்ஃபின், ஃபென்டனில் போன்றவை 1985-ஆம் வருட போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. 2014-இல் திருத்தம் வந்த பிறகு மருத்துவமனைகள் இவற்றை வாங்கி வைப்பது எளிதாகியிருக்கிறது. ஆனால் பூட்டு, பதிவேடு, இரண்டு பேர் கையெழுத்து, ஆம்ப்யூலில் மீந்ததை இன்னொருவர் பார்க்கக் கொட்டுவது எதையும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். பின்னால் மாட்டிக்கொள்வது நாம்தான்.

மருந்து இல்லாமல் கையால் செய்யக்கூடியவை

வயிற்று ஆபரேஷன் செய்தவருக்கு ஒரு தலையணை பெரிய மருந்து. தலையணை இல்லாத வார்டு என்றால் போர்வையை, துண்டை நாலாக மடித்துத் தையலின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். வலி பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கிறது என்பார்கள். மணிக்கு ஒருமுறை பத்து ஆழ்ந்த மூச்சு, அப்புறம் இரண்டு இருமல்.

எழுந்திருக்கும்போது நேராக நிமிர்ந்து உட்கார வைக்காதீர்கள், சொந்தக்காரர்கள் இரண்டு கையையும் பிடித்து இழுப்பார்கள், அதுவும் வேண்டாம். முட்டியை மடக்கி, உடம்பை ஒரே கட்டையாக ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே முழங்கையை ஊன்றி எழ வேண்டும். வயிற்றுத் தசைக்கு வேலையே இருக்காது. இரண்டு நிமிடம் உட்கார்ந்து தலைசுற்றல் இல்லை என்று பார்த்துவிட்டு நிற்க வையுங்கள்.

சிசேரியன் ஆன தாய்க்கு, குழந்தையை அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் அணைத்துப் பால் கொடுக்கக் கற்றுக்கொடுங்கள், தையல் மேல் குழந்தையின் கால் படாது. பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், கருப்பை சுருங்குவதால் வருவது அது, முன்பே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டாள். "மாத்திரை போட்டா பால்ல இறங்கிடும்" என்று பாட்டிகள் தடுப்பார்கள். பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் பால் கொடுக்கும்போது பொதுவாகப் பாதுகாப்பானவை. கோடீனும் டிராமடாலும்தான் வேண்டாம், குழந்தைக்கு மூச்சு குறையும் ஆபத்து இருக்கிறது. உட்கார்ந்தால் தலையைப் பிளக்கும், படுத்தால் உடனே குறையும் என்று ஸ்பைனல் போட்ட தாய் சொன்னால் அது சாதாரணத் தலைவலி இல்லை, முதுகு ஊசித் துளையால் வருவது. மயக்க மருந்து டாக்டர் பார்க்க வேண்டும்.

முட்டி, கணுக்கால் வீக்கத்துக்கு ஐஸ் பையைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். யூரின் டியூப் இழுத்துக்கொண்டிருக்கிறதா, டிரெயின் குழாய் உடம்புக்கு அடியில் மாட்டியிருக்கிறதா, பிளாஸ்டர் தோலை வலிக்க இழுக்கிறதா, வென்ஃப்ளான் (டிரிப் ஏற்றும் ஊசிக்குழாய்) போட்ட கை வீங்கியிருக்கிறதா: ஊசி எடுக்கப் போகும் முன் இவற்றைப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் நடுவிளக்கை அணைத்தால் பாதி வார்டின் வலி குறையும். பயமும் வலியைக் கூட்டும். "நாளைக்கு இதவிடக் குறைஞ்சிடும், ராத்திரி நான்தான் டூட்டி, வலிச்சா கூப்பிடுங்க" என்று கையைத் தொட்டுச் சொல்லிவிட்டு நகருங்கள்.

ஊசி போட்டு அடக்கக் கூடாத வலி

ஆபரேஷன் வலி நாளுக்கு நாள் இறங்க வேண்டும். இறங்கிய வலி திடீரென்று ஏறினால் உள்ளே ஏதோ நடக்கிறது. வயிறு பலகைபோல் இறுகி, நாடி 120, காய்ச்சல் என்றால் குடல் தைத்த இடம் விட்டிருக்கலாம். மாவுக்கட்டு போட்ட காலில் மருந்துக்கு அடங்காத வலி, விரலை நாம் மெதுவாக நீட்டினாலே துடிக்கிறார், விரல் மரத்துப்போகிறது என்றால் தசைக்குள் அழுத்தம் ஏறுகிறது. உடனே கட்டைப் பிரிக்க வேண்டும், சில மணி நேரத் தாமதத்தில் காலே போகும். அதுவரை காலைத் தலையணையில் உயர்த்தாமல் நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். ஒரு கால் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், தேய்த்துவிட யாரையும் விடாதீர்கள். நெஞ்சு வலியும் மூச்சு வாங்கலும் சேர்ந்து வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

டூட்டி டாக்டருக்கு ஃபோன் செய்து "சார், 14-ஆம் பெட் வலின்னு சொல்றாரு" என்றால், "ஒரு டைக்ளோ போட்டுடுங்க" என்றுதான் பதில் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், 14-ஆம் பெட், நேத்து காலைல குடல் ஆபரேஷன். ஆறு மணிக்குப் பாராசிட்டமால், எட்டு மணிக்கு டிராமடால் 50 போயிருக்கு. இப்ப ஒன்பதே முக்கால். படுத்திருந்தா 5, இருமினா 8. சாயங்காலம் 3 தான் இருந்துச்சு. பல்ஸ் 116, பிபி 100/70, காய்ச்சல் 100.8, வயிறு இறுகி இருக்கு. வந்து பாக்கணும் சார்." வருவார். வரவில்லை என்றால் அடுத்த மேல் டாக்டருக்குச் சொல்லுங்கள், சொன்ன நேரத்தையும் எழுதுங்கள்.

ஷிஃப்ட் மாறும்போது "வலி இருக்கு, இன்ஜெக்‌ஷன் போட்டாச்சு" என்று ஒப்படைக்காமல், எவ்வளவு இருந்தது, என்ன போட்டோம், எவ்வளவு ஆனது, எந்த வலி மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்ற நாலையும் சொல்லுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாள்

டிஸ்சார்ஜ் சீட்டில் "டேப்" என்று தொடங்கும் எழுத்தை யாராலும் படிக்க முடியாது. மாத்திரை அட்டையின் மேலேயே பேனாவால் காலை, மதியம், இரவு என்று எழுதி, எது சாப்பிட்ட பிறகு, எத்தனை நாள் என்று குறித்துக் கொடுங்கள். வலி குறைந்தவுடன் எதை முதலில் நிறுத்தலாம் என்று டாக்டரிடம் கேட்டு, பெரும்பாலும் டிராமடால்தான், அதையும் சொல்லிவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் வேறு வலி மாத்திரை வாங்கி இதோடு சேர்த்துப் போட வேண்டாம், தையல் மேல் தைலமோ மஞ்சளோ பூச வேண்டாம், இந்த மாத்திரைகள் போடும் நாட்களில் குடிக்க வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம். எப்போது திரும்ப வர வேண்டும் என்பதை நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது. வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ளப் போகிற மனைவியையோ மருமகளையோ கூப்பிட்டு உட்காரவைத்து, வலி கூடினால், காய்ச்சல் வந்தால், தையலில் நீர் கசிந்தால், கால் வீங்கினால் என்று விரல் விட்டு எண்ணச் சொல்லி, அவர் வாயாலேயே ஒருமுறை திருப்பிச் சொல்ல வையுங்கள். வார்டு ஃபோன் நம்பரை அந்த மாத்திரைக் கவரிலேயே எழுதிவிடுங்கள்.